ஆறு சட்டையிலும் இன்னொருத்தி பேர்

1

“எம்புள்ளையக் குடுத்துருங்க.”

கதையின் பாதிக்கு மேல் வர வேண்டிய வாக்கியத்தை இழுத்து வந்து முன்னால் வைத்திருக்கிறேன். திர்ஸா ஆம்ப்ளர் என்கிற தையல்காரி, ஆஸ்திரேலியாவின் ஜீலாங் துறைமுகத்தில், கப்பலில் வந்து இறங்குகிறவர்களைத் தங்கவைக்கும் விடுதியின் அலுவலக அறையில், கப்பல் டாக்டரின் முகத்துக்கு நேராகச் சொன்னது. எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்காதே என்று அவளுக்கு லண்டனிலேயே சொல்லியிருந்தார்கள்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குழந்தையின் உள்சட்டை கிடக்கிறது. கழுத்தோரத்தில் சிவப்பு நூலில் இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும். கீழே ஓர் அட்டை: ‘தைத்தவர் பெயர் தெரியவில்லை.’ தெரியவில்லையாம். கேட்கவில்லை என்று எழுத வேண்டியதுதானே? என் அம்மா திருப்பூரில் இருபது வருஷம் பனியன் தைத்தார், எந்தப் பனியனிலும் — இதை இந்தக் கதைக்குள் கொண்டுவரக் கூடாது என்று இருந்தேன். வந்துவிட்டது. அடித்து நீக்க மனம் வரவில்லை.

(திர்ஸாவை எந்தக் கப்பல் பட்டியலிலும் தேட வேண்டாம். நான் செய்த ஆள்.)

2

முதல் தொடக்கம்: ‘லண்டனில் அந்த ஆண்டு மூடுபனி —’ நிறுத்திவிட்டேன். மூடுபனியைப் போட்டால் பசிகூட அழகாகிவிடும்.

இரண்டாவது: ‘பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரக்கணக்கான தையல் பெண்கள் —’ இது பரீட்சை விடை. இப்படி எழுதித்தான் பட்டம் வாங்கினேன், போதும்.

மூன்றாவதாக, உள்ளதை உள்ளபடி.

3

திர்ஸாவுக்கு இருபத்து மூன்று வயது. லண்டனில் ஒரு மாடிப் பொந்தில் உட்கார்ந்து கடைகளுக்குச் சட்டை தைத்தாள். கல்யாணம் ஆகவில்லை. நான்கு வயதில் ஹெட்டி என்று ஒரு மகள். அப்பன் யார் என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஒரு வாக்கியம் கொடுத்ததே அதிகம்.

பட்டினி கிடக்கும் தையல்காரிகளைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவதற்கென்று வசதியான சீமாட்டிகள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அங்கே பெண்களுக்குத் தட்டுப்பாடு, இங்கே ரொட்டிக்குத் தட்டுப்பாடு. ஒரே நிபந்தனை, ஒழுக்கமான, தனியான பெண்ணாக இருக்க வேண்டும். திர்ஸாவை நிற்க வைத்து ஒரு சீமாட்டி, ‘உனக்குச் சுமை ஏதும் உண்டா?’ என்று கேட்டாள். பிள்ளையை அப்படித்தான் சொல்வார்கள். இல்லை என்றாள் திர்ஸா.

அதே வீட்டின் கீழ்த்தளத்தில் ஸ்டாக் குடும்பம். ஏபெல், அவன் மனைவி லவினியா, மகள் ஃபீபி. அவர்களுக்கும் அதே கப்பலில் இடம் கிடைத்திருந்தது. கப்பலேற மூன்று வாரம் இருக்கும்போது ஃபீபி தட்டம்மையில் செத்துப்போனாள். அவளுக்கும் நாலு வயதுதான். கப்பல் பட்டியலில் அவள் பெயர் அப்படியே இருந்தது.

யோசனை யாருடையது? முதல் வரைவில் லவினியாவுடையது என்று எழுதினேன், பிற்பாடு அவளைத் திட்ட வசதியாக இருக்குமே என்று. பொய். திர்ஸாதான் கேட்டாள். பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளிடம் போய், அந்தப் பிள்ளையின் இடம் காலியாகத்தானே இருக்கிறது என்று கேட்டாள். வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், எழுதிச் சேர்த்துவிடுகிறேன்.

 மறுநாள் லவினியா மாடியேறி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னாள்:

“கூட்டிட்டுப் போறோம். அந்த ஊர்ல விடுதிய விட்டு வெளிய வந்ததும் வாங்கிக்க. அதுவரைக்கும் அவ எம்புள்ள. யார் முன்னாடியும் வாயத் தொறந்து கேட்டுராதடி. கேட்டேன்னா எல்லாரும் கம்பி எண்ணணும்.”

4

கப்பலேறுகிற ஒவ்வொருவருக்கும் ஆறு உள்சட்டை இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் பெயரெழுத்தும் எண்ணும் நூலால் தைத்திருக்க வேண்டும். துறைமுகத்தில் பெட்டியைப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். ஃபீபியின் துணிகளை அம்மைக்குப் பயந்து எரித்தாயிற்று. புதிதாகத் தைக்க வேண்டும்.

யார் தைப்பது? தையல்காரிதான்.

ஆறு சட்டை. ஹெட்டியின் உடம்புக்கு அளவெடுத்து, ஃபீபியின் பெயரைத் தைத்தாள். பி. எஸ். 1, பி. எஸ். 2 என்று ஆறு வரை (ஆங்கிலத்தில் ஃபீபிக்கு முதலெழுத்து ‘பி’). சிவப்பு நூல், சின்னச் சின்னச் சிலுவைத் தையல். உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவு சுத்தம்.

* இந்த இடத்தில் எனக்கு ஒரு சபலம் வந்தது. ஆறாவது சட்டையின் மடிப்புக்குள், யாருக்கும் தெரியாமல், அவள் ‘ஹெ’ என்று ஓர் எழுத்து தைத்து வைத்தாள் என்று எழுதினால்? கடைசியில் அதைப் பிரித்துக் காட்டினால்? கதை என்னமாய் முடியும். எழுதியும் பார்த்தேன். அவள் தைக்கவில்லை. அவள் தொழில்காரி. என்ன எழுத்து தைக்கச் சொன்னார்களோ அதைத்தான் தைத்திருப்பாள். சட்டையில் குறை வைத்துத் தைக்க அவள் கைக்குத் தெரியாது. அவள் செய்த தப்பே அதுதான், வேலையை ஒழுங்காகச் செய்தது.

பிள்ளைக்கும் ஒழுங்காகத்தான் சொல்லிக்கொடுத்தாள். உன் பேர் என்ன? ஃபீபி. அம்மா யாரு? லவினியா அம்மா. சரியாகச் சொன்னால் நாக்கில் ஒரு துளி சர்க்கரை. தப்பாகச் சொன்னால் —

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.)

5

நூற்றுப் பத்து நாள் கடல். ஆண்கள் முன்பக்கம், குடும்பங்கள் நடுவில், தனிப்பெண்கள் பின்பக்கம், அவர்களுக்குக் காவலாக ஒரு மேட்ரன். மேல்தளத்தில் குறுக்கே ஒரு கயிறு. தனிப்பெண்கள் அதைத் தாண்டக் கூடாது.

திர்ஸா கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, சங்கம் கொடுத்த துணியில் சட்டை தைப்பாள். அந்தப் பக்கம் ஹெட்டி விளையாடுவாள். முதல் வாரம் பிள்ளை அவளைப் பார்த்துச் சிரித்தது. திர்ஸா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நாலு பேர் பார்க்கிறார்களே. இரண்டாம் வாரம் கயிறு வரைக்கும் ஓடி வந்தது. திர்ஸா முறைத்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

லவினியா மட்டும் எப்போதாவது துணி உலர்த்தும் சாக்கில் கிட்டே வருவாள். இருமல் விட்டுவிட்டது, பட்டாணிக் கஞ்சியை ஒழுங்காகக் குடிக்கிறது, பயப்படாதே என்று தகவல் சொல்வாள். வெளியே முகம் கொடுக்காமல் இருவரும் பேசிக்கொள்ளக் கற்றிருந்தார்கள். தொண்ணூறாம் நாள் வாக்கில் திர்ஸா, குளிருகிறதா பிள்ளைக்கு என்று கேட்டாள்.

“குளிராது. எங்கழுத்தக் கட்டிக்கிட்டுத்தான் தூங்குது. கைய எடுத்தா முழிச்சுக்குது, எம்புள்ள.”

சொல்லிவிட்டு லவினியா நின்றாள். அந்தக் கடைசி வார்த்தையை இருவருமே கேட்டார்கள். லவினியா அதைத் திருத்தவில்லை.

லவினியாவைக் கெட்டவள் ஆக்க எனக்கு இன்னமும் முடியவில்லை. எத்தனை முறை எழுதினாலும் அவள் கழுத்தில் ஒரு குழந்தையின் கை வந்து விழுந்துவிடுகிறது.

6

விடுதிக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் ஏபெலுக்கு வேலை கிடைத்தது. எண்பது மைல் உள்ளே, ஓர் ஆட்டுப் பண்ணையில். மதியம் மாட்டு வண்டி வாசலிலிருந்தே கிளம்பும் என்றார்கள். தனிப்பெண்களை யாராவது வேலைக்கு எடுக்கும்வரை வெளியே விடமாட்டார்கள். இரண்டு நாளாக லவினியா இந்தப் பக்கம் வரவே இல்லை. ஆக, விடுதியை விட்டு வெளியே என்று சொன்ன அந்த ‘வெளியே’ வரப்போவதில்லை.

திர்ஸா நேராக அலுவலக அறைக்குப் போய் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். ஸ்டாக் குடும்பத்தை வரச்சொன்னார்.

லவினியா கத்துவாள், தடுமாறுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திர்ஸாவைப் பார்த்து உண்மையாகவே இரங்கிய குரலில் பேசினாள். “பாவம் டாக்டரய்யா. கப்பல்ல புள்ளையப் பாத்துக்கிட்டே உக்காந்திருப்பா. ஏங்கிப்போயிட்டா.” ஏபெல் தொப்பியைப் பிசைந்துகொண்டு தரையைப் பார்த்தான்.

மேட்ரன் ஸ்டாக் குடும்பத்தின் மூட்டையைப் பிரித்து ஆறு சட்டையையும் மேசையில் பரப்பினாள்.

“அது நான் தச்சது” என்றாள் திர்ஸா. “எந்தங்கச்சின்னு பொய் சொல்லல, அக்கா மகள்னு பொய் சொல்லல. நான் பெத்தது. அளவெடுத்து நான் தச்சது.”

டாக்டர் ஒரு சட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “நல்ல தையல். இந்தப் பேரத் தச்சதும் நீதானா?”

“ஆமா.”

“உம்புள்ள சட்டையில எதுக்கும்மா இன்னொருத்தி புள்ள பேரு?”

அவள் உண்மையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு கேவலமான பொய் மாதிரி இருந்தது என்பது அவளுக்கே கேட்டது.

டாக்டர் குனிந்து குழந்தையிடம் கேட்டார். பேர் என்ன? “ஃபீபி ஸ்டாக்.” அம்மா யாரு? குழந்தை லவினியாவின் பாவாடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, கையை மட்டும் மேலே தூக்கி அவளைத் தொட்டது.

அந்த நொடியில் திர்ஸாவுக்கு முதலில் வந்தது பெருமை. எவ்வளவு சரியாகச் சொல்கிறது என் பிள்ளை. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

7

ஸ்டாக் குடும்பத்தை அனுப்பிவிட்டு, டாக்டர் நன்னடத்தைச் சான்றிதழை எடுத்து வைத்தார். அவர் கொடூரமானவர் இல்லை, அதுதான் எரிச்சல். காய்ச்சலில் உளறிவிட்டேன் என்று சொல்லிவிடு, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், ஊருக்குள் ஒரு நல்ல வீட்டில் தையலுக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள் என்றார். இல்லையென்றால் கல்யாணமாகாமல் பிள்ளை பெற்றவள், பொய் சொல்லிக் கப்பலேறியவள் என்று எழுத வேண்டிவரும். அப்படி எழுதினால் பிள்ளையையும் உன்னிடம் கொடுக்க மாட்டார்கள், வேலையும் கிடைக்காது. யோசி என்று சொல்லி, சான்றிதழில் கையெழுத்தையும் போட்டு மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

இங்கே என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

(அ) அவள் காகிதத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்த நல்ல வீட்டில் முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தைக்கிறாள். இதுதான் நடந்திருக்கும். நிறையப் பேருக்கு இதுதான் நடந்திருக்கும்.

(ஆ) வண்டியிலிருந்து லவினியா இறங்கி ஓடி வந்து பிள்ளையை இவள் கையில் கொடுக்கிறாள். இதை எழுதும்போது நான் அழுதேன், உடனே சந்தேகம் வந்து கிழித்துப்போட்டேன். ஒருத்தியை ஒரே பிள்ளையை இரண்டு தடவை புதைக்கச் சொல்ல நான் யார்?

(இ) வருஷங்கள் கழித்து வளர்ந்த ஹெட்டி பழைய சட்டையொன்றின் தையலைப் பார்த்து — போதும். சட்டையைப் பார்த்து எந்தப் பிள்ளையும் எந்த அம்மாவையும் கண்டுபிடித்து வந்ததில்லை. அட்டையில் ‘தெரியவில்லை’ என்றுதான் எழுதுவார்கள்.

மூன்றையும் வரிசையாக வைத்துவிட்டுப் பார்த்தால், அவள் அதற்குள் எழுந்திருந்தாள்.

8

சான்றிதழ் மேசையிலேயே கிடந்தது. பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை, ஊசி நூல் சுருளை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் மேட்ரன் நின்றிருந்தாள். அந்த வண்டி எந்தப் பாதையில் போகும் என்று அவளிடம் கேட்டாள்.

“பின்னாடியே ஓடப் போறியா? எண்பது மைலு. போனா மட்டும் குடுத்துருவாளா? அந்தப் புள்ள உன்னத் திரும்பிக்கூடப் பாக்கலையே.”

“குடுக்க மாட்டா. கேக்கப் போகல.”

“பின்ன எதுக்கு?”

“வேலைக்கு வச்சுக்குவாளான்னு பாக்கணும். அவளுக்கு இன்னும் புள்ளைங்க பொறக்கும்ல. தச்சுக் குடுக்க ஆளு வேணும்.”

ஆட்டுக்காரன் குடிசைக்குத் தையல்காரியா என்று மேட்ரன் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. கையை நீட்டி வடக்கே காட்டினாள். காகிதம் இல்லாமல் வெளியே விடக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும். காட்டிய கையை இறக்காமலேயே நகர்ந்து வழிவிட்டாள்.

இந்தப் பதிலை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. பெற்ற பிள்ளையிடம் கூலியாளாகப் போய் நிற்பதா முடிவு என்று அவளோடு சண்டை போட்டேன். வேறு எதையாவது செய், அந்த மேசையையாவது கவிழ்த்துவிட்டுப் போ என்று நாலு பக்கம் எழுதினேன். அவள் ஒரு வரியைக்கூடக் கேட்கவில்லை.

எண்பது மைல் தள்ளி அந்தக் கதவு திறந்ததா என்று நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கேயாவது கொஞ்சம் கருணையைச் செருகிவிடுவேன். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் கதவைத் தட்டியதும் அந்தப் பிள்ளை வந்து திறந்து, யார் வேண்டும் என்று கேட்டால், இவள் என்ன பதில் சொல்வாள் என்பதையும் நீங்களேதான் எழுத வேண்டும்.

திர்ஸா வாசலைத் தாண்டிப் போய்விட்டாள்.