எழுபத்தாறு

பெட்டியைக் கிளறாதே, மேலே இருப்பதை மட்டும் எடு என்று அம்மா சொல்வதற்குள் மகள் அடிவரை கையை விட்டிருந்தாள். அப்பாவின் கடற்படைக் காலத்து இரும்புப் பெட்டி அது. அவரை முன்னறையில் கிடத்தி மூன்று மணி நேரம் ஆகிறது. நான்கு மணிக்குள் நகராட்சியில் இறப்பைப் பதிந்து சீட்டு வாங்காவிட்டால் மயானத்தில் உள்ளே விடமாட்டார்கள். அந்த விதியை ஈவு இரக்கமில்லாமல் நடத்தியவரே அப்பாதான். இருபத்தைந்து வருடம் பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்தவர்.

கடற்படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த புத்தகம் கையில் கிடைத்தது. அதற்குள் மடித்து வைத்த பள்ளிச் சான்றிதழ். இரண்டிலும் பிறந்த தேதி ஒன்று, வருடம் வேறு. பள்ளிக்கூடத்துத் தாளின்படி அப்பாவுக்கு எழுபத்து நான்கு. கடற்படைக்கு எழுபத்தாறு.

அம்மா தாளைப் பார்க்கவே இல்லை. அவளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

"பதினாறு வயசுல எடுத்துக்க மாட்டாங்கன்னு ரெண்டு கூட்டிப் போட்டுட்டாரு. வீட்ல சோத்துக்கு வழியில்ல. அதுக்கு என்ன இப்போ?"

என்ன இப்போவா? இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு மகள் அரசு நூலக வேலைக்கு எல்லாப் பரீட்சையும் தேறினாள். வயது வரம்பில் மூன்றே மூன்று நாள் தாண்டிவிட்டது. அவள் பிறப்பை எழுதிய பதிவேடு அப்பாவின் மேசையில்தான் இருந்தது. ஒரு எண்ணை மாற்றச் சொல்லி அம்மா அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சினாள். "என் புஸ்தகத்துல பொய் ஏறாது" என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே. அன்றிலிருந்து மகளுக்குத் துணிக்கடை. நாள் முழுக்க நின்று நின்று காலில் நரம்பு சுருண்டதுதான் மிச்சம். ஊரே அவரை நெருப்பு என்றது. அவளும் நம்பித் தொலைத்தாள்.

உண்மை வருடத்தை எழுதினால் கடற்படைக் கணக்கோடு ஒத்துப்போகாது, குடும்ப பென்ஷன் வராமல் போய்விடும் என்று அம்மா சொன்னாள். அப்புறம் வாசலைப் பார்த்துக்கொண்டு, "எதக் குடுக்கணும்னு உனக்கே தெரியும்" என்றாள்.

மகள் இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினாள். நெருப்பை ஒரு தாளில் அணைத்துவிடலாம்.

அலுவலகத்தில் இப்போதைய பதிவாளர் அப்பாவிடம் வேலை கற்றவர். அவளைக் கண்டதும் எழுந்துவிட்டார். பக்கத்துக் கதவு வழியாக வரச் சொன்னார். அவள் போகவில்லை, வரிசையிலேயே நின்றாள். ஜன்னலுக்கு மேலே அப்பா எழுதி மாட்டிய பலகை இன்னும் தொங்கியது: எழுதியதைத் திருப்பிச் சொல்லவும். கப்பலில் உத்தரவு வாங்கியவன் அதைச் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டுமாம், பிசகு வராதாம். அதை இங்கே கொண்டுவந்ததால்தான் ஊர் அவருக்குக் கப்பல்காரர் என்று பெயர் வைத்தது. புருஷனைப் பறிகொடுத்து நேரே வந்தவளைக்கூட அவர் விட்டதில்லை. மெதுவாகச் சொன்னால், கேட்கவில்லை, இன்னொரு தடவை என்பார்.

அவள் முறை வந்தது. மருத்துவரின் சீட்டை வாங்கிக்கொண்டு பதிவாளர் வயதுக்குச் சான்று கேட்டார்.

"சார் எழுதின புஸ்தகம் எல்லாம் இங்கதான்க்கா இருக்கு. ஒரு அடித்தல் திருத்தல் காட்ட முடியாது."

பைக்குள் அவள் விரல் பள்ளிச் சான்றிதழின் மீதுதான் இருந்தது. தாள் நைந்து துணிபோல் ஆகியிருந்தது. ஒரு நிமிடம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அம்மா முன்னறையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு முட்டி வலிக்கு மாத்திரை வாங்க வேண்டும், இந்த மாதமும், அடுத்த மாதமும். மகள் கடற்படைப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள்.

பதிவாளர் பார்த்து எழுதினார். பிறகு சங்கடத்தோடு நிமிர்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. சார் வச்ச வழக்கம். வயசத் திருப்பிச் சொல்லணும்."

அவள் சொன்னாள்.

"கேக்கலக்கா."

பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

"எழுபத்தாறு" என்றாள், கூடம் முழுக்கக் கேட்கும்படி.

பதிவேட்டை அவள் பக்கம் திருப்பி வைத்தார். பேனா ஜன்னல் கம்பியில் கட்டியிருந்தது. கப்பல் முடிச்சு, அப்பா போட்டது, இதுவரை யாராலும் அவிழ்க்க முடியவில்லை. கயிறு குட்டை. கையெழுத்துப் போட அவள் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.