இரண்டு அங்குலம்

ஒடுக்கிய ஸ்பிரிங்குக்கு நேரே முகத்தை வைக்காதே. எஃப்ராயின் பிறந்த சமாரிப்பா வீட்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் முதல் பாடம். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொள்ளப் பழகியதெல்லாம் அதற்கு அப்புறம்தான். அப்பாவின் தாடையை ஒரு லாரி ஸ்பிரிங் உடைத்தது. சாகும்வரை அந்த மனுஷன் கறியைக் கூழாக அரைத்துத்தான் குடித்தார். அதனால் ரமிரோ தன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரைப் பின்பக்கமாகவே வீட்டை ஒட்டிய மெக்கானிக் ஷெட்டுக்குள் ஏற்றி நிறுத்தி, "ஸ்பிரிங்ல ஒரு சுத்து வெட்டி விட்டுரு மச்சான், வண்டி தரையோட படுத்துக்கும்" என்றபோது, எஃப்ராயின் கையைத் துடைத்துக்கொண்டே முடியாது என்றான்.

"வெட்டின ஸ்பிரிங் உக்கார வேண்டிய இடத்துல உக்காராது. ஒரு பள்ளத்துல சக்கரம் தொங்கினா கழண்டு விழுந்துரும். ரோட்ல ஓட்டணும்னா அளவெடுத்துச் செஞ்ச குட்டை ஸ்பிரிங்தான்."

"வாங்கிட்டுத்தான் வந்திருக்கேன். உன் பிரசங்கம் கேட்டு நாளாச்சேன்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு டிக்கியிலிருந்து பெட்டியை எடுத்து வீசினான். அது எஃப்ராயினின் வயிற்றில் வந்து மோதியது. ரமிரோவுக்கு எதையும் கையில் கொடுக்கிற வழக்கம் கிடையாது.

காரின் மறுபக்கத்திலிருந்து ஒஃபேலியா மெதுவாக இறங்கினாள். எஃப்ராயினுக்கு ஒரே தங்கை; ரமிரோவின் மனைவி. பேக்கர்ஸ்ஃபீல்டின் ஜூன் வெயிலில் தார் ரோடே இளகிக்கொண்டிருந்தது. அவள் மணிக்கட்டு வரை மூடிய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அந்த முழுக்கைச் சட்டைக்கு என்ன அர்த்தம் என்று குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். ஈஸ்டர் விருந்தன்று அவள் கண்ணோரம் கறுத்திருந்ததைப் பார்த்துவிட்டு, அம்மா வீட்டு முற்றத்தில், சித்தப்பா பெரியப்பா எல்லோர் முன்னாலும் எஃப்ராயின் ரமிரோவின் மூக்கை உடைத்தான். சொந்தக்காரர்கள் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள். அன்று ராத்திரி அவள் எந்த வீட்டுக்குத் திரும்பிப் போனாள் என்று தட்டிக் கொடுத்தவர்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. எஃப்ராயினும்தான் யோசிக்கவில்லை.

முன்பக்க ஸ்பிரிங்குகள் இரண்டையும் அவன் தானே மாற்றினான். இந்த வேலையில் ஒரு முறை உண்டு. வண்டி அந்தரத்தில் நிற்கும்போது, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையின் போல்ட்டுகளை இறுக்கக் கூடாது. இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துவிடும். சக்கரத்தைப் பலகைமேல் இறக்கி, வண்டியில் தினமும் யார் போவார்களோ அவர்களையே உள்ளே உட்கார வைத்து, அந்தப் பாரத்தோடுதான் இறுக்க வேண்டும். முக்கால்வாசிப் பேர் இதற்கு மணல் மூட்டையை வைப்பார்கள். எஃப்ராயின் ஆளைத்தான் உட்கார வைப்பான்.

"ஒஃபே, நீயும் ஏறி உக்காரும்மா. ரெண்டு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவன் காருக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தான்.

அவளுடைய கால்கள் கதவோரம் வந்து நின்றன. நின்றுகொண்டே இருந்தன. இரண்டு அங்குலம் இறங்கிய கார். குனிந்து, மடங்கி, பள்ளத்துக்குள் போவதுபோல் போக வேண்டும்.

"வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமாடி? உக்காரு." ரமிரோவின் காலணி நகர்ந்தது. மேலே சீட்டில் பொத்தென்று ஏதோ விழுந்தது. அதோடு ஒரு சத்தம். கத்தல் இல்லை, மூச்சு அறுபடுகிற சத்தம். சின்ன வயதில் கூரையிலிருந்து விழுந்தபோதும் அவள் இப்படித்தான், அழாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். எஃப்ராயினின் முகத்துக்கு ஒரு சாண் மேலே அந்த மூச்சு விட்டு விட்டு வந்துகொண்டிருந்தது. அவன் ஸ்பானரை மாட்டி போல்ட்டை இறுக்கினான்.

ரமிரோ பீர் எடுக்க வீட்டுக்குள் போனதும் அவன் வெளியே உருண்டு வந்து கதவருகே மண்டியிட்டான்.

"எத்தனை எலும்பு?"

"விலாவுல ரெண்டுன்னாங்க ஆஸ்பத்திரியில." அவள் கண்ணாடி வழியாக வீட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணே, நீ ஒண்ணும் பண்ணிராத. ஈஸ்டர்ல நீ அவன் மூக்கை ஒடச்ச. ஊரே கைதட்டிச்சு. வீட்டுக்குப் போய் அதுக்கு நான்தான் வாங்கினேன். நீ அடிக்கிற ஒவ்வொண்ணும் எங்கிட்டதான் வந்து சேருது."

அவள் வீட்டுக்குப் போகும் வழியில் ரயில் கிராசிங் இருக்கிறது. அதைத் தாண்டினால் எண்ணெய் லாரிகள் குழி குழியாக்கிய சாலை. இந்தக் குட்டை ஸ்பிரிங்கில் ஒவ்வொரு குழியும் அவள் விலாவில் குத்தும். குத்துகிறவனுக்கு இத்தனை நேரமும் முஷ்டியை இறுக்கிக் கொடுத்தவன் நான்தானே என்று நினைத்தான். இந்தக் காரில் அவள் இன்று போகக் கூடாது. அது ஒன்றுதான் அவனுக்கு வேண்டியிருந்தது. அதற்கு வழிதான் தெரியவில்லை.

ஒஃபேலியா இறங்கியதும் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினார்கள். கார் ஒரு பக்கம் டயர் அடுக்கோடு ஒட்டி நின்றது. மறுபக்கம் சுவருக்கும் காருக்கும் நடுவில் ஓர் ஆள் நடக்கிற சந்து. ஷெட்டின் உள்மூலைக்குப் போகவும் வரவும் அது ஒன்றுதான் பாதை. ஷாக் அப்சார்பரோடு கழற்றிய ஸ்பிரிங்கை அந்தச் சந்தில்தான் போட்டார்கள்.

"நீ ஒடுக்கி முடிக்கறதுக்குள்ள எனக்கு நரைச்சிரும். தள்ளு மச்சான்." ரமிரோ ஸ்பிரிங்கை ஒடுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளைப் பிடுங்கிக்கொண்டு உள்பக்கம் மண்டியிட்டான். எதிரெதிரே மாட்ட வேண்டிய இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினான். ஒன்றின் கொக்கி கம்பியைப் பாதிதான் கவ்வியிருந்தது. நட்டு முடுக்கும் ஏர் கன்னை வைத்துச் சடசடவென்று இறுக்கினான். ஸ்பிரிங் ஒரு பக்கமாக வளைந்து முனகியது. பிறகு அதை நிமிர்த்தி முழங்காலுக்கு நடுவில் வைத்து, உச்சி நட்டைக் கழற்றக் குனிந்தான். முகம் நேர் மேலே.

எஃப்ராயின் பார்த்தான். ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல் அவன் நாக்கில்தான் இருந்தது. அவன் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் நிற்கும்போது நெஞ்சில் பொங்கியது சந்தோஷம்தான். வேறு பெயர் வைத்து அதை மறைக்க முடியாது.

"ரமிரோ! மூஞ்சியை எடு!"

கத்தியது ஒஃபேலியா. ஷெட் வாசலில் விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அதே வீட்டுப் பெண்; அதே கூழைப் பார்த்து வளர்ந்தவள்.

ரமிரோ திடுக்கிட்டு நிமிர்ந்தான். பாதி கழன்ற நட்டோடு ஸ்பிரிங் தரையில் சரிந்தது. என்ன தப்பியது என்று அவனுக்குப் புரியவில்லை. புரிந்தது ஒன்றுதான்: பெண்டாட்டி அவனை அதட்டினாள், அதுவும் அவளுடைய அண்ணன் முன்னால்.

"அண்ணன் வீட்டுக்கு வந்ததும் வாய் நீளுதோ?"

சரிந்த ஸ்பிரிங்கைத் தாண்டிக் குதித்து வந்தான். கையை ஓங்கவில்லை. எந்த இடம் என்று அவனுக்குத் தெரியும். நேராக விலாவில் குத்தினான். அவள் மடங்கி விழுந்தாள்.

எஃப்ராயின் ஜாக்கிக் கம்பியை எடுத்ததை அவனே அறியவில்லை. முதல் அடி ரமிரோவின் தோளில் விழுந்தது. கையிலிருந்த ஏர் கன்னால் ரமிரோ அவன் வாயில் அறைந்தான். பல் ஒன்று நாக்கின்மேல் விழுந்தது. ரத்தத்தோடு துப்பிவிட்டு அவன் மறுபடி வீசினான். முழங்கையில் ஏதோ முறிந்தது, ரமிரோவுடையது. மூன்றாவதாக அடிக்கவில்லை, கம்பியைக் குறுக்கே பிடித்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துச் சந்துக்குள் தள்ளினான். ரமிரோ பின்வாக்கில் தடுமாறிப் போனான். குதிகால் ஸ்பிரிங்கில் இடறியது. அதன்மேல் உருண்டு, உள்மூலையில் பழைய டயர்களுக்குள் போய் விழுந்தான்.

டக்.

சின்னச் சத்தம். மூன்று பேரும் அசையவில்லை. ஸ்பிரிங் சந்தின் நடுவில் கிடந்தது. பாதி கவ்வியிருந்த கொக்கி இப்போது நுனியில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது.

ஒஃபேலியா எழுந்து வந்து எஃப்ராயினின் கையிலிருந்து கம்பியை வாங்கினாள்.

"பாத்துட்டு சும்மாதானே நின்ன?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "உன்னை ஜெயிலுக்கு வந்து பாக்கற தெம்பு எனக்கில்லண்ணே. அதுக்குத்தான் கத்தினேன். அவனுக்காக இல்ல."

எஃப்ராயினின் பேண்ட் பையில் கைவிட்டு அவன் லாரியின் சாவியை அவளே எடுத்துக்கொண்டாள்.

"ஒஃபே... தங்கம்..." மூலையிலிருந்து ரமிரோ கூப்பிட்டான். முறிந்த கையை மார்போடு அணைத்திருந்தான். அடித்த மறுநாள் காலையில் வருகிற குரல் அது. "கோவத்துல ஏதோ ஆயிருச்சு. மச்சானை இதை எடுக்கச் சொல்லு. வீட்டுக்குப் போலாம்."

டக்.

அவன் கார்ப்பக்கம் பார்த்தான். ஸ்டாண்டில் நிற்கிற வண்டி. மேலே ஏறினால் சரியும். மறுபக்கம் சுவர். கண்கள் திரும்பவும் கொக்கிக்கே வந்தன. ரமிரோ பயந்து அவர்கள் பார்த்ததில்லை.

"கல்யாணமான நாள்லேருந்து நான் இப்படித்தான் அந்த வீட்ல நடந்தேன்" என்றாள் ஒஃபேலியா. மூச்சு திணறித் திணறி வந்தது. குரல் மட்டும் நடுங்கவில்லை. "அடுப்படிக்குப் போகவும் தாண்டணும், படுக்கப் போகவும் தாண்டணும். எப்ப விடும்னு ஒரு நாளும் தெரியாது. நீ ஒரே ஒரு தடவை தாண்டு."

அவள் திரும்பி வெயிலுக்குள் நடந்தாள். லாரிக் கதவு திறந்து மூடியது. ஏறி உட்கார வசதியான, உயரமான வண்டி அது. எஃப்ராயின் வாயைப் பொத்திக்கொண்டு வாசல் தூணில் சாய்ந்து நின்றான். விரலிடுக்கில் ரத்தம் சொட்டியது. உள்ளே ரமிரோ சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, ஒரு காலை மெல்லத் தூக்கினான். வெளியே இன்ஜின் உறுமிக் கிளம்பியது. தரை அதிர்ந்தது. தூக்கிய கால் அந்தரத்திலேயே நின்றது.