தொட்டால் விழும்

மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடுவேன் என்று அக்காவிடம் ஜம்பமாகச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். சொல்லமாட்டேனா பின்னே? பழைய தபால் நிலையம் தொட்டால் விழும் நிலையில் இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டவரே அவள் கணவர்தான். அத்தான் இன்ஜினியர். அடுக்குமாடிக்காக அந்தத் தெருவில் இடிக்கப்போகும் ஐந்து பழைய கட்டடங்களுக்கும் அதே சான்றிதழ், அதே கையெழுத்து. இடிக்கும் இயந்திரத்தை ஓட்டுகிறவன் நான்.

முந்தின நாள் கூரையைப் பிரித்தபோது ஒரு தொல்லையும் இல்லை. சுவர்தான் வேலையைக் காட்டியது. முதல் இடியில் பூச்சு பொலபொலவென்று கொட்டியது. உள்ளே செங்கல் செக்கச்செவேலென்று, நேற்றுச் சூளையிலிருந்து எடுத்ததுபோல் நின்றது. அடுத்த இடியில் என் இருக்கைதான் ஆடியது. பதினொரு மணிக்கு இயந்திரக் கையின் முனையில் இருக்கும் வாளியின் இரும்புப் பல் ஒன்று முறிந்து தெறித்தது. எரிச்சலோடு கீழே இறங்கிப் போய்ப் பார்த்தேன். செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் நடுவே நகம் நுழைய இடமில்லை. இருபது வருஷமாக இடிக்கிறேன். அன்றைக்குத்தான் எனக்குப் புல்லரித்தது. திட்ட வாயே வரவில்லை.

போன் போட்டதும் அத்தான் வந்தார்.

"தும்மினா விழுந்துடும்னு எழுதினீங்களே அத்தான். நான் காலையிலேருந்து தும்மிட்டேதான் இருக்கேன்."

அவர் சிரிக்கவில்லை. சுவரில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"பூச்சைத்தான் தட்டிப் பார்த்தேன். பொக்குன்னு கேட்டுது. சுவரே போச்சுன்னு எழுதிட்டேன். அஞ்சுக்கும் அப்படித்தான்."

நாளைக்குப் பெரிய இயந்திரம் வந்துவிடும், யாருக்கும் தெரியப்போவதில்லை என்றேன். சான்றிதழ் தப்பு என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் லைசென்ஸ் போய்விடும், அக்காவை நினைத்துப் பாருங்கள் என்றும் சொன்னேன். அவரோ, இதை இனிக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டார். கூரையும் உத்தரங்களும் நேற்றே போய்விட்டன, அவற்றைப் பிடுங்கியதில் பின்சுவரும் பிளந்துவிட்டது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

"அவ்வளவு நல்லாக் கட்டியிருக்காங்க. நான் ரெண்டு தட்டுல முடிச்சுட்டேன்."

பிறகு பக்கத்துக் கட்டடத்துக்கு நடந்தார். கதவில் அவர் கையெழுத்தோடு இடிப்பு அறிவிப்பு ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்ட ஆரம்பித்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது; ஓரம்கூடப் பெயரவில்லை. சுவரைப் பார்த்தபோது வந்த அதே மலைப்பு எனக்கு அத்தானைப் பார்த்தும் வந்தது.

"உன் அக்காகிட்ட நானே சொல்லிக்கிறேன்," என்றார், திரும்பாமலே.

நான் போய் இயந்திரத்தை அணைத்தேன். முறிந்து கிடந்த இரும்புப் பல்லை எடுத்து வந்து, அவருக்குப் பக்கத்தில் நின்று சுரண்டினேன்.