மணிக்கு ஐந்தங்குலம்

2024ஆம் வருடம் மாசி இரண்டாம் தேதி, புதன்கிழமை, விருத்தாசலம் செராமிக் பேட்டையில் தேவநாதன் பட்டறைச் சூளைக்குள் பன்னிரண்டு பீங்கான் குதிரைகள் ஓடின. ஏழாம் நம்பர் முதலில் வந்தது. குதிரைகள் தலைக்கு ஒரு சாண் உயரம், நம்பர் போட்ட பன்னிரண்டு அச்சுகளில் வார்த்தவை, டஜன் ஆயிரத்து எண்ணூறு ரூபாய். காலை நான்கு மணிக்குச் சூளையை மூட்டும்போது டிராலியின் மேல்பலகையில் ஒரு முனையில் அவை ஒரே வரிசையில் நின்றன. ஆறடி தள்ளி மறுமுனையில் டீ கப்புகள் அடுக்கியிருந்தன. மாலை ஆறு மணிக்கு நெருப்பை நிறுத்தி, ஆறவிட்டு, மறுநாள் மதியம் கதவைத் திறந்தால் ஏழாம் நம்பர் கப்புகளுக்கு நடுவே நிற்கிறது, மூன்றாம் நம்பர் அதன் வாலருகே, மற்றவை வழியில் ஆங்காங்கே. முப்பத்தொரு கப்பு தூள். பலகையில் பூசியிருந்த வெள்ளைப் பொடியில் குளம்படிகள் வரிசையாகப் பதிந்திருந்தன. மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். குதிரை நெருப்பில் இறங்கினால் என்ன செய்வது என்று ஒருவரும் சொல்லிவைக்கவில்லை.

பழி முதலில் கண்ணம்மாள் மீதுதான் விழுந்தது. பத்தொன்பது வருடமாக அந்தச் சூளைக்குச் சரக்கு அடுக்குகிறவள் அவள். அவள் அடுக்கிய டிராலியைத் தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போனால் ஒரு கப்பு இன்னொன்றோடு முனகக்கூட முனகாது என்று பேட்டையில் பெயர். அடுத்த புதன் ஏழாம் நம்பரை எடுத்துவிட்டு அடுக்கிப் பார்த்தார்கள். மூன்றாம் நம்பர் முதலில் வந்து இருபத்தாறு கப்புகளை உடைத்தது. கப்புகளைக் கீழ்ப்பலகைக்கு மாற்றினார்கள். குதிரைகள் சூளைச் சுவரில் முட்டி மூக்குடைந்தன. விளிம்பு போன கப்பையாவது டீக்கடைக்காரன் பாதி விலைக்கு எடுப்பான், மூக்கில்லாத குதிரையை எவன் எடுப்பான்? சூளைக்காரன் மதிவாணன் நீலக் கண்ணாடி வழியாகப் பார்வைத் துளைக்குள் அரைமணிக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, எப்போது பார்த்தாலும் அவை நின்றுகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் வேறு இடத்தில் நிற்கின்றன என்றான். அளந்ததில் சராசரி வேகம் மணிக்கு ஐந்தங்குலம் என்று தெரிந்தது. மங்களூரிலிருந்துகூட ஆட்கள் வந்து பார்த்தார்கள், ஓடத்தான் செய்கிறது என்று ஒப்புக்கொண்டு பஸ் ஏறினார்கள். கம்மாபுரத்திலிருந்து பைக்கில் வந்த ஒருவர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "எங்க பக்கம் நிலக்கரிச் சுரங்கத்துக்காவ ஊரே நவுந்துகிட்டு இருக்குது, குதிரை நவுந்தா என்னா" என்று சொல்லிவிட்டு அரை டஜன் கப்பு வாங்கிக்கொண்டு போனார். பட்டறை முதலாளி தேவநாதன் நல்ல மனிதர், ஆனால் முதலாளி. சித்திரை முடிவதற்குள் உடைவது நிற்காவிட்டால் கண்ணம்மாளைச் சூளையை விட்டு எடுத்துப் பேக்கிங்குக்கு அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். பத்தொன்பது வருடம் அடுக்கிய கை அட்டைப்பெட்டியில் வைக்கோல் திணிப்பதா என்று கண்ணம்மாள் அன்று சாப்பிடவில்லை.

சூளைக்குள் குதிரை ஓடுகிற செய்தியைக் கேட்டுக் கையில் இருந்த டீ ஆறும் வரை அசையாமல் இருந்தவர் ஒருவர்தான். அவர் கண்ணம்மாளின் புருஷன் பூவராகவன். முப்பத்தொரு வருடம் சென்னையில் குதிரைப் பந்தய மைதானத்துக் கம்பி வேலியில் சாய்ந்து, ஸ்டாப்வாட்சை அமுக்கி, ஒரு நொடியை ஐந்தாகப் பிரித்து எழுதிப் பந்தயப் புத்தகம் போடுகிறவர்களுக்குக் கொடுத்தவர். ஒரு குதிரை மேலும் ஒரு ரூபாய் கட்டியதில்லை. ஆனாலும் 2018 தை மாதம், மகள் வெண்பாவின் கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம், கடைசிப் பந்தயத்தையும் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நின்றவர் ரயிலைத் தவறவிட்டார். தாலி கட்டி மூன்றரை மணி நேரம் கழித்து மண்டபத்துக்குள் வந்தார், அப்போது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். கண்ணம்மாள் சண்டை போடவில்லை. மறுநாள் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், "என் வூட்டுக்காரர் இனிமே குதிரைகிட்டப் போகக் கூடாது" என்று பிராது எழுதி, முனியப்பர் வேலில் கட்டிவிட்டு வந்தாள். பிராது கட்டினால் தொண்ணூறு நாளில் தீர்ப்பு வரும் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. எண்பத்தெட்டாம் நாள் பூவராகவன் ஒரு பெட்டி நோட்டுப் புத்தகங்களோடும் முழங்கால் வலியோடும் விருத்தாசலம் ஜங்ஷனில் வந்து இறங்கினார். பிராதில் அவர் குதிரையிடம் போகக் கூடாது என்றுதான் எழுதியிருந்தது. குதிரை அவர் இருக்கும் ஊருக்கு வரக் கூடாது என்று எழுதவில்லை.

வந்தவரோடு கண்ணம்மாள் பேசவில்லை. பேச வேண்டியதை அலமாரியில் இருந்த பீங்கான் கிளியிடம் பேசினாள். அலகு உடைந்ததால் பட்டறையில் தள்ளிவிட்ட கிளி அது. "சோறு ஆறுது, வந்து சாப்புடச் சொல்லு" என்பாள் கிளியிடம். "வரேன்னு சொல்லு" என்பார் அவரும் கிளியிடம். ஆறு வருடம் அந்தக் கிளிக்கு ஓயாத வேலை. பூவராகவனுக்கு இந்த உலகத்தில் வேறு ஆசை இல்லை. கண்ணம்மாள் ஒரே ஒரு தடவை கிளியை விட்டுவிட்டுத் தன் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச வேண்டும், அது திட்டாக இருந்தாலும் சரி. அதற்காகவே, பட்டறையில் குதிரை ஓடுகிறது என்று தெரிந்தும் பிராதுக்குக் கட்டுப்பட்டு அவர் ரோட்டைத் தாண்டவில்லை. எதிர்ப்புறம் பாலகிருஷ்ணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு குதிரையும் பலகையில் கால்பங்கு, அரை, முக்கால், முழுத் தூரத்தை எத்தனை மணிக்குக் கடக்கிறது என்று மட்டும் எழுதிக் கொடுக்கச் சொன்னார். மதிவாணன் கப்பு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான்.

மொத்த நேரத்தை மட்டும் பார்க்கிறவன் ஏமாறுவான் என்பது பூவராகவனின் கட்சி. ஜெயங்கொண்டத்துக்கு இரண்டு பஸ் ஒரே நேரத்தில் போய்ச் சேரலாம். ஒன்று கருவேப்பிலங்குறிச்சி வரை பறந்துவிட்டு அப்புறம் உருளும், இன்னொன்று அதுவரை உருண்டுவிட்டு அப்புறம் பறக்கும். இரண்டும் ஒரே பஸ் என்று சொல்கிறவன் அதில் ஏறாதவன். அதனால் குதிரைக்கு ஓர் எண் போதாது, தூரத்தை நாலாகப் பிரித்துக் கால்பங்குக்கு ஒரு வேக எண் போட வேண்டும் என்றார். எட்டுப் புதன்கிழமைகள் எழுதியதில் ஒவ்வோர் அச்சின் குணமும் பிடிபட்டது. ஏழாம் நம்பர் எடுத்த எடுப்பிலேயே மணிக்கு எட்டங்குலம் போகும். அது போவதைப் பார்த்து மூன்றாம் நம்பருக்கும் பொறுக்காது, கூடவே போய்க் கடைசியில் தள்ளாடும். பதினொன்று பாதி தூரம் வரை தூங்கிவிட்டுப் பிறகு பின்னாலிருந்து வந்து இடிக்கும். ஏழாம் நம்பரை எடுத்துவிட்டால் மூன்று கெடுக்கும், மூன்றை எடுத்தால் பதினொன்று. முந்துகிறவற்றின் முதுகில் கணக்காகக் களிமண் உருண்டை பாரம் வைத்து எல்லாவற்றையும் சமப்படுத்தினால், நெருப்பை நிறுத்துகிற ஆறு மணிக்குப் பன்னிரண்டும் கப்புக்கு ஒரு விரல் முன்னால் வந்து நின்றுவிடும். பந்தய மைதானங்களில் குதிரைக்குப் பாரம் ஏற்றுகிறவர்கள் செய்வதும் அதுதான், அவர்களுக்கு அது ஒருநாளும் சரியாக வந்ததில்லை என்பது வேறு விஷயம்.

சித்திரை பிறந்து பத்து நாள் ஆனதும் கண்ணம்மாள் இறங்கி வந்தாள். கிளிப் பக்கம்தான் இறங்கி வந்தாள். "குதிரையைப் பத்தி ஏதோ தெரியுமாமே, சொல்லச் சொல்லு" என்றாள். ஆறு வருடமாக அந்த வீட்டில் அந்தச் சொல்லே எழும்பியதில்லை. பூவராகவன் அவசரமாகக் கிளிப் பக்கம் திரும்பினார். "ஏழாம் நம்பருக்கு முதக் காலு வேகம் சாஸ்தி, அதைக் கொறைக்கணும். மூணாம் நம்பருக்குக் கடைசிக் காலு சொத்தை. பதினொண்ணுக்கு மூணாங் காலுலதான் பலமே. இதைச் சரிக்கட்டிட்டா எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும்னு சொல்லு" என்று கிளியிடம் சொல்லிவிட்டு, எத்தனை கிராம் பாரம் என்ற பட்டியலை நோட்டில் தேடினார். அவர் பக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் கண்ணம்மாள் சோத்துப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

அவள் நேராக வார்ப்புப் பகுதிக்குப் போய், அச்சிலிருந்து அப்போதுதான் எடுத்து ஈரம் காயாமல் இருந்த குதிரைகளை முன்னால் வைத்துக்கொண்டாள். முதல் கால் எது என்ற கேள்வி வந்தது. புருஷனிடம் போய்க் கேட்க அவளுக்கு மனம் வரவில்லை, யோசித்தாள். வீட்டுக்கு வந்த மருமகளை எந்தக் காலை எடுத்து வைக்கச் சொல்கிறோம்? வலது காலை. ஆகவே வலது முன்னங்கால்தான் முதல் கால். அங்கிருந்து கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிற மாதிரி வலமாக எண்ணினால் இடது பின்னங்கால் மூன்று, இடது முன்னங்கால் கடைசி. ஏழாம் நம்பரின் முதல் காலைக் கத்தியால் நெல்லளவு சீவினாள். மூன்றாம் நம்பரின் கடைசிக் காலுக்கு நகத்தளவு களிமண் அப்பி வழித்தாள். பதினொன்றின் மூன்றாங்காலை இளைக்கவைத்தாள். மற்ற ஒன்பதையும் பார்த்த மாத்திரத்தில் தனக்குத் தோன்றியபடி திருத்தினாள்.

சித்திரை பதினெட்டு, பன்னிரண்டாவது புதன்கிழமை, அடுத்த பட்டறைகளிலும் வேலையைப் போட்டுவிட்டு வந்து பார்வைத் துளைக்கு வரிசை கட்டினார்கள். கால்பங்கில் பன்னிரண்டும் ஒரே கோட்டில் நின்றன. அரையிலும் அப்படியே. முக்காலில் பதினொன்று அரையங்குலம் பின்தங்கி, பிறகு சேர்ந்துகொண்டது. மறுநாள் மதியம் பன்னிரண்டரை மணிக்குக் கதவைத் திறந்தபோது பன்னிரண்டு மூக்கும் நூல் பிடித்த மாதிரி கப்புகளுக்கு ஒரு விரல் முன்னால் நின்றன. ஒரு கப்பு உடையவில்லை. மதிவாணன் ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு ஓடினான்.

முப்பத்தொரு வருடத்தில் மூன்று குதிரை சேர்ந்து வந்ததைக்கூட பூவராகவன் பார்த்ததில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதுவுல எவ்ளோ பாரம் வச்சாங்களாம்?" என்று கேட்டார்.

"பாரமா? காலைத்தான் சீவுனாங்க" என்றான் மதிவாணன்.

பூவராகவன் நோட்டை மூடினார். தன் ஆயுசின் கணக்கு எந்த இடத்தில் சறுக்கி எந்த இடத்தில் சரியாகிவிட்டது என்று பிடிபடாமல் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தபோது, முந்தானையில் கையைத் துடைத்தபடி கண்ணம்மாள் ரோட்டைத் தாண்டி வந்தாள். நேராக அவர் முன்னால் நின்றாள். அங்கே கிளி இல்லை.

"நீங்கதான காலுன்னு சொன்னீங்க" என்றாள்.

பழக்க தோஷத்தில் பூவராகவனின் கட்டைவிரல் சட்டைப் பையிலிருந்த ஸ்டாப்வாட்சை அமுக்கியது. "நான் சொன்ன காலு வேற, கண்ணம்மா. காவாசி தூரம்."

"காவாசின்னா காவாசின்னு சொல்றதுதான? காலுன்னா எனக்குக் காலுதான்." சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். பாலகிருஷ்ணன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். சிரிப்பு அடங்கியதும் ஆறு வருடமாக வைத்திருந்ததையும் கேட்டுவிட்டாள். "புள்ள கல்யாணத்துக்கு ஏன் லேட்டா வந்தீங்க?"

பூவராகவன் நோட்டைப் பெஞ்சில் வைத்தார். "தப்புதான். எந்தப் பக்கம் பாத்தாலும் தப்புதான்" என்றார்.

கண்ணம்மாள் பெஞ்சிலிருந்த நோட்டை எடுத்துக்கொண்டாள். "சரி, வூட்டுக்கு வாங்க. சோறு ஆறுது."

அடுத்த திங்கட்கிழமை இருவரும் மணவாளநல்லூருக்குப் போய் பழைய பிராதை வாபஸ் வாங்கிவிட்டு, கண்ணம்மாள் கையெழுத்தில் புதிதாக ஒன்று கட்டினார்கள். "என் வூட்டுக்காரர் குதிரைகிட்டப் போகலாம். புதன்கிழமை மட்டும்" என்று அதில் எழுதியிருந்தது. கண்ணம்மாள் இன்றும் சூளைக்கு அடுக்குகிறாள். பூவராகவன் புதன்கிழமை தோறும் முதலில் அவளிடம் சொல்லிவிட்டுத்தான் பார்வைத் துளையருகே ஸ்டூல் போட்டு உட்காருகிறார். வெண்பா தலைதீபாவளிக்குக் கேட்டும் கிடைக்காத பீங்கான் கிளியை இப்போது சும்மா இருக்கிறதே என்று கேட்டு வாங்கிப் போய்விட்டாள். குதிரைகள் மணிக்கு ஐந்தங்குலம் ஓடி மாலை ஆறுக்குச் சேர்ந்தாற்போல் வந்து நிற்கின்றன. டஜன் இப்போது இரண்டாயிரம் ரூபாய்.