புத்ராஜெயா வரை

கிள்ளானை அடுத்த மேருவில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் நின்று, என் கணவர் சிவநேசன் ஹெல்மெட் கண்ணாடியைக் கிழிந்த கைலித் துண்டால் துடைத்தார். "சாயங்காலம் பாசார் மாலாம் போலாம் லா. சமைக்காத," என்றார். இரவுச் சந்தைச் சாப்பாட்டை நம்பி நான் உலை வைக்கவில்லை.

அன்று சாலைத் தடுப்பில் போலீஸ் அவரைப் பிடித்தது. நான்காம் நாள் லாக்கப்பில் இறந்தார். உடலில் முப்பத்தொரு காயங்கள் என்றது பிரேதப் பரிசோதனை அறிக்கை. அதை அகராதி வைத்துக்கொண்டு நானே மூன்று முறை படித்தேன்.

மரண விசாரணை நீதிமன்றம், யார் காரணம் என்று சொல்ல முடியவில்லை என்றது. போலீஸ் மீது நான் போட்ட வழக்கை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் தள்ளியபோது ஏழு வருடங்கள் போயிருந்தன. பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் வழக்கறிஞர் விஷ்ணுப்ரியாவிடம், "போதும் மிஸ். நேரா ஜெனிவாவுக்கு எழுதிடுங்க," என்றேன்.

"எழுதலாம்க்கா. ஐ.நா.வுல மொத கேக்கிறதே, உங்க நாட்டுல எல்லா கோர்ட்டும் முடிச்சிட்டீங்களான்னுதான். இன்னும் கடைசியா புத்ராஜெயா பெடரல் கோர்ட் பாக்கி. முப்பது நாளுக்குள்ள அனுமதி கேட்டுப் போடணும்."

"அங்கயும் தோத்துட்டா?"

"ஜெயிச்சா இங்கயே நியாயம். தோத்தா ஜெனிவா." பிறகு குரலைத் தாழ்த்தினார். "லாக்கப்புல ஆளப் பறிகொடுத்த இன்னும் நாலு குடும்பம் நம்மளோட சேருது. அவங்க பாதியிலயே நின்னுட்டாங்க. இங்க எல்லாக் கதவும் மூடுதுன்னு காட்ட, ஒருத்தராவது கடைசிவரைக்கும் போயிருக்கணும்க்கா."

தீர்ப்பு வந்த இருபத்துநான்காம் நாள் என் மாமியார் நல்லம்மாள் இறந்தார். முப்பதாம் நாள் வந்தபோது கருமாதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. அதுவரை வீட்டுப் பெண்கள் வாசல் தாண்டுவதில்லை. ஆனால் நான் சத்தியம் செய்து கையெழுத்திட வேண்டிய பத்திரம் கிள்ளானில் சத்தியப் பிரமாணக் கமிஷனரின் மேசையில் காத்திருந்தது. அவருக்கு முழங்கால் வலி. மாடியை விட்டு இறங்கமாட்டார்.

நான் சேலை மாற்றியதைச் சிவநேசனின் அக்கா வீரம்மா பார்த்துவிட்டார்.

"தீட்டோட எங்க கெளம்புற?"

"கோர்ட் பேப்பருக்கு. இன்னிக்கு விட்டா முடிஞ்சுபோச்சுக்கா."

"சொந்தக்காரங்க வாயில விழணுமா? தீட்டு வீட்டுக்காரி கோர்ட்டுக்குப் போனாளாம்!"

"கோர்ட் கோயில் இல்லக்கா. உள்ள விடுவாங்க."

வீரம்மா அக்கா என்னையே பார்த்தார். பிறகு சுவரில் தொங்கிய கார் சாவியை எடுத்தார்.

"பஸ்ஸுக்கு நின்னா கமிஷனர் சாப்பிடப் போயிருவான். வா. செத்தது என் தம்பி. பேசுறவ என்கிட்ட பேசட்டும்."

அந்த மாடிப் படிகளை நாங்கள் இருவரும், தீட்டுக்காகத் தலை முழுகி வந்த ஈரத் தலையோடு ஏறினோம். பத்திரத்தில் இருப்பது உண்மைதானா என்று கமிஷனர் மலாயில் கேட்டார். "உண்மை," என்று நான் சொன்ன குரல் கீழே கடைவரை கேட்டதாக அக்கா இன்றும் சொல்வார். மாலை நான்கு மணிக்குள் விஷ்ணுப்ரியா மனுவைப் பதிவு செய்துவிட்டார்.

ஐந்து மாதம் கழித்துப் புத்ராஜெயாவில் எங்கள் மனுவைத் தள்ளுபடி செய்ய நீதிபதிகளுக்கு இருபது நிமிடம் போதுமானதாக இருந்தது. வெற்றி கிடைக்கும் என்று நானும் கொஞ்சம் நம்பித்தான் போயிருந்தேன். வெளியே வந்து அக்கா அழுதார்.

"தோத்துட்டோமாடி?"

"முடிச்சிட்டோம்க்கா," என்றேன். அந்தப் பெரிய படிக்கட்டில் தலை குனியாமல் இறங்கினேன்.

அடுத்த வாரம் பிரிக்பீல்ட்ஸ் அலுவலகத்தில் மற்ற நான்கு குடும்பங்களும் கூடியிருந்தன. நான் நுழைந்ததும், ரவாங்கில் மகனைப் பறிகொடுத்த ஹலீமா எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளினார். "நீங்க உக்காருங்க. நீங்க போனதாலதான் நாங்க இங்க இருக்கோம்," என்றார். ஜெனிவா தீர்ப்பு எழுதாது, அரசாங்கத்திடம் கேள்விதான் கேட்கும் என்று விஷ்ணுப்ரியா எல்லோருக்கும் விளக்கினார். கேட்கட்டும் என்றார் ஹலீமா.

ஜெனிவாவுக்கான மனுவை என் முன் வைத்தார்கள். இறந்தவருக்கு என்ன உறவு என்ற இடம் காலியாக இருந்தது. மரண விசாரணையிலிருந்து புத்ராஜெயா வரை ஒவ்வொரு தாளிலும் எழுதியதையே எழுதினேன்: மனைவி.