மைக் பிடித்த செய்தி அக்கா

விமானத்திலிருந்து இறங்கி அந்த மூன்றாம் மாடி வீட்டுக் கதவைத் தட்டும்வரை அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. மண்ணியல் படிக்க வெளிநாட்டில் இடம் கிடைத்ததும், விடுதி வேண்டாம், ஒரு குடும்பத்தோடுதான் தங்குவேன் என்று ஒற்றைக்காலில் நின்று சாதித்தவள் அவள். அந்த நாட்டு மொழியை இரண்டு வருடம் மாலை வகுப்பில் உட்கார்ந்து கரைத்துக் குடித்திருந்தாள்.

கதவைத் திறந்தது பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருக்கும் வீட்டுக்கார அம்மா. பின்னால் அவர் கணவர், லிஃப்ட் மெக்கானிக், நகக்கண்ணெல்லாம் கிரீஸ். இருவருக்கும் நடுவில் தலையை நுழைத்துக்கொண்டு பத்து வயது மகள். வீட்டில் அவளை வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியத்தை அவள் எடுத்து விட்டாள். நம் தமிழில் வைத்துச் சொன்னால் அது இப்படி இருக்கும்: "அம்மையீர், தங்கள் இல்லத்தில் எனக்கு இடமளித்தமைக்கு உளமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் வாலுதான் பேசினாள். "அம்மா, இந்த அக்கா செய்தி வாசிக்கிறாங்க."

அன்றிலிருந்து அவள் செய்தி அக்கா.

"அம்மையீர் எல்லாம் வேணாம்மா, அக்கான்னு கூப்பிடு," என்றார் டீச்சர். "அப்போ நான் மாமா," என்று மெக்கானிக் தன் பதவியைத் தானே அறிவித்துக்கொண்டார்.

அவளுக்குக் கொடுத்த அறை டீச்சரின் விளையாட்டுச் சாமான்கள் கிடந்த அறை. பந்து மூட்டையை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டில் போட்டிருந்தார்கள். ஜன்னலுக்குக் கீழே பஸ் திரும்பும் முனை. மேஜை இழுப்பறை முன்பு மக்கர் பண்ணுமாம்; அவள் வருவதற்குமுன் மாமா எண்ணெய் விட்டு வைத்திருந்தார். விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு வந்தது. சும்மாவே நாலு தடவை திறந்து மூடினாள்.

சிக்கல் சாப்பாட்டு மேஜையில் தெரிந்தது. அவள் பேசுவது அவர்களுக்குப் புரிந்தது. அவர்கள் பேசுவதுதான் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒவ்வொரு சொல்லிலும் பாதியை முழுங்கிவிட்டு மீதியைத்தான் வெளியே விட்டார்கள். "தாங்கள் அந்த உப்பைச் சற்று வழங்க இயலுமா?" என்று அவள் கேட்க, மாமா எழுந்து நின்று, பரிசுக் கோப்பை கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் நீட்டினார். எல்லாரும் சிரித்தார்கள், அவளும்தான். மறுநாள் சோப்பு வாங்கப் போன இடத்தில் அவள் பேச்சைக் கேட்ட கடைக்காரர், சோதனைக்கு வந்த அதிகாரி என்று பயந்து லைசென்ஸை எடுத்துக் காட்டினார். கூடப் போன வாலு வீடு வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு வாலு ஓயாமல் பேசப் பேச, அவர்கள் பேச்சு அவள் காதுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது.

நாலாம் நாள், டீச்சர் வேலை பார்க்கும், வாலு படிக்கும் பள்ளியில் விளையாட்டு விழா. இரண்டு வாரமாகப் பிள்ளைகளைக் கத்தி விரட்டிய டீச்சருக்கு அன்று காலை தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது. வருடா வருடம் மைக் பிடிப்பவர் அவர்தான்.

"ஹெட்மாஸ்டரைப் பேசச் சொல்லேன்," என்றார் மாமா.

டீச்சர் நோட்டை இழுத்து எழுதினார்: 'அவர் மைக்கைப் பிடிச்சா பந்தயம் நாளைக்குத்தான் நடக்கும்.' அடுத்த வரியை எழுதி அவளிடம் திருப்பிக் காட்டினார்: 'நீ பேசு.'

அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். வந்தது பயமா, ஆசையா, அவளுக்கே தெரியவில்லை. "என் உச்சரிப்பில் பிழைகள் ஏற்படக்கூடுமே?"

"ஏற்படட்டுமே. லிஃப்டா அறுந்து விழப்போகுது?" என்றார் மாமா.

மைதானத்தில் பந்தலுக்குக் கீழே ஒரு ஸ்டூல், ஒரு மைக், பெயர்ப்பட்டியல். பிள்ளைகள் நாலாபக்கமும் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவள் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தொடங்கினாள். "நூறு மீட்டர் ஓட்டத்தில் பங்கேற்கும் மாணவியர், தொடக்கக் கோட்டிற்கு வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

மைதானமே கப்சிப். பெற்றோர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எந்த டீச்சர் கத்தினாலும் காதில் வாங்காத பிள்ளைகள் வரிசை கட்டி வந்து நின்றார்கள். டீச்சர் நோட்டில் பெரிதாக 'சபாஷ்' என்று எழுதித் தூக்கிக் காட்டினார்.

கடைசியாக ரிலே. பச்சை அணியில் மூன்றாவதாக ஓடுபவள் வாலு. முன்னால் வந்தவள் கொடுத்த குச்சி அவள் கையில் பட்டுக் கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுப்பதற்குள் மற்ற மூன்று அணியும் பறந்துவிட்டன.

அந்த நொடியில் செய்தி அக்காவின் இலக்கணம் முழுக்கக் காற்றில் போனது. "ஐயோ, குச்சி விழுந்துருச்சு... எடுத்துட்டா, எடுத்துட்டா! ஓடு வாலு, விடாத! அந்த மஞ்சச் சட்டை மூச்சு வாங்குறா, புடிச்சிடலாம், ஓடு!"

நாலு ஒலிபெருக்கியிலும் அது முழங்கியது. கூட்டம் மொத்தமும் எழுந்து "வாலு, வாலு" என்று கத்தியது. வாலு மஞ்சளைத் தாண்டினாள், நீலத்தையும் எட்டிப் பிடித்துவிட்டுக் குச்சியைக் கைமாற்றினாள். பச்சை அணி இரண்டாவதாக வந்தது.

பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்த வாலுவின் முகம் உப்பியிருந்தது. "வீட்டுப் பேரை ஸ்கூல் பூரா சொல்லிட்டீங்க. இனிமே எல்லாரும் என்னை வாலுன்னுதான் கூப்பிடுவாங்க."

"மன்னிச்சிடுடி. பதட்டத்துல வாய் தவறி வந்துடுச்சு."

வாலு முறைப்பை மறந்துவிட்டு அவளையே பார்த்தாள். "அம்மா, அக்கா நம்மள மாதிரி பேசுறாங்க."

டீச்சர் நோட்டைக் கீழே வைத்தார். செய்தி அக்காவின் தோளில் கையைப் போட்டு இறுக்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஊரிலிருக்கும் தன் அம்மாவுக்கு போன் போட்டாள். எடுத்ததுதான் தாமதம், குச்சி விழுந்தது, மைக், கூட்டம், பதக்கம் என்று மூச்சுவிடாமல் கொட்டினாள்.

"என்னடி உளர்றே? ஒரு எழுத்துக்கூட புரியலையே," என்றாள் அம்மா.

அப்போதுதான் தான் எந்த மொழியில் பேசிக்கொண்டிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாலு போனில் காதை ஒட்டிக்கொள்ள, பந்து மூட்டைமேல் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, முதலிலிருந்து தமிழில் ஆரம்பித்தாள்.