அசந்துட்டேன் என்று அவர் சொன்னது

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது என் கற்பனையில் உதித்த கதை அல்ல. ஒரு படிவத்தில் இடம் போதாமல் வெளியே வழிந்த கதை.

நான் ஒரு பெரிய சலவைத் தொழிலகத்தின் அலுவலகத்தில் எழுத்தர். விடுதிகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக எங்களிடம் வரும். துவைத்து, தேய்த்து, மடித்து அனுப்புவோம். யாருக்காவது அடிபட்டால் விபத்து அறிக்கை எழுதுவது என் பொறுப்பு. அதில் ‘காரணம்’ என்ற இடத்தில் ஒன்றரை வரி விட்டிருப்பார்கள். பதினோரு வருடமாக அங்கே ‘தொழிலாளியின் கவனக்குறைவு’ என்றே எழுதி வந்திருக்கிறேன். அளவெடுத்துத் தைத்தது போல உட்காரும்.

இந்த முறை உட்காரவில்லை.

2

தொடக்கம் ஒன்று: மாத்திரை வெள்ளையாக இருந்தது. அதன் நடுவே ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் விழிப்பு, அந்தப் பக்கம்...

வேண்டாம். தூக்க மாத்திரையைப் பார்த்துக் கவிதை எழுதுகிறவனுக்கு ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது என்று அர்த்தம்.

தொடக்கம் இரண்டு: மதியம் மூன்று இருபதுக்கு, தேய்க்கும் இயந்திரத்தின் சூடான உருளைகளுக்கு நடுவே, ஈர விரிப்போடு சேர்ந்து ஒரு பெண்ணின் இடது கை...

இதை என்னால் முடிக்க முடியவில்லை. அந்தக் கையை நான் பார்த்தேன். மணிக்கட்டு காப்புக் கம்பியில் இடித்ததும் இயந்திரம் தானாக நின்றது. இல்லாவிட்டால் முழங்கை வரை போயிருக்கும். இரண்டு விரல்கள் வெந்துவிட்டன. இதற்கு மேல் விவரம் கேட்காதீர்கள்.

தொடக்கம் மூன்று: எங்களிடம் மடிப்பக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவர் மடித்த விரிப்பின் ஓரத்தை வைத்துப் பென்சிலால் கோடு போடலாம், அத்தனை நேர். எனக்கு நாற்பத்தாறு வயது; என்னை இன்னும் ‘தம்பி’ என்று கூப்பிடும் ஒரே ஆள் அவர்தான்.

இது இருக்கட்டும்.

3

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. மடிப்பக்கா எதற்காகத் தூக்க மாத்திரை சாப்பிடுகிறார்? கதை என்றால் ஒரு ரகசியத் துயரம் வேண்டுமாமே. இறந்துபோன குழந்தை, ஓடிப்போன தம்பி, இப்படி ஏதாவது. ஒரு வரைவில் அவருக்கு ஒரு பழைய காதலைக்கூட ஏற்பாடு செய்தேன். (அடித்துவிட்டேன். அவருக்குத் தெரிந்தால் என்னையும் சேர்த்து மடித்து அடுக்கிவிடுவார்.)

அவருக்குத் துயரம் எதுவும் இல்லை ஐயா. ஷிப்ட்தான் இருக்கிறது. ஒரு வாரம் காலை, ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. இரண்டு வருடம் இப்படிச் சுற்றியதில் உடம்புக்கு எது பகல், எது இரவு என்றே மறந்துபோனது. மருத்துவர் மாத்திரை எழுதிக்கொடுத்தார். ஊரார் சுகமாகத் தூங்கும் விரிப்புகளை வெளுப்பவருக்குத் தூக்கம் சீட்டில் எழுதி வருகிறது. இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கப் போவதில்லை.

4

நடந்தது இது. இரவு வாரம். காலை ஆறு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனார். ஒன்பதரைக்கு மாத்திரை போட்டுப் படுத்தார். மதியம் ஒன்று பத்துக்கு மேற்பார்வையாளர் போன் செய்தார். பக்கத்து மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். ஒரு பாதியைக் காதாலேயே கேட்டேன். மறு பாதி மடிப்பக்கா பிறகு சொன்னது. இரண்டையும் தைத்துத் தருகிறேன்.

“ரெண்டு மணி ஷிப்டுக்கு ஆள் வரல. நீங்க வந்துடுங்க.”

“மாத்திரை போட்டிருக்கேன் சார்.”

“என்ன மாத்திரை?”

“தூங்குறதுக்கு. நல்லா தூங்கிட்டிருந்தேன், நீங்கதான் எழுப்புனீங்க.”

“எழுந்தாச்சுல்ல, அப்புறம் என்ன? சூடா ஒரு டீ குடிச்சுட்டு வாங்க. வர முடியாதுன்னா சொல்லிடுங்க, எழுதிக்கிறேன்.”

‘எழுதிக்கிறேன்’ என்றால் எங்கள் இடத்தில் என்னவென்று எல்லோருக்கும் தெரியும். மூன்று முறை எழுதினால் வேலை போய்விடும். மடிப்பக்கா வந்தார். தேய்க்கும் இயந்திரத்தில் நிறுத்தினார்கள்.

5

விபத்துக்குப் பிறகு முதலுதவி அறையில் அவர் சொன்னது ஒரே சொல்.

“அசந்துட்டேன் தம்பி.”*

* இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாரமாக அல்லாடுகிறேன். கண் அசந்தால் தூக்கம். உடம்பு அசந்தால் களைப்பு. ‘அசந்தா ஆளையே வித்துடுவாங்க’ என்றால் ஏமாந்துபோவது. படிவத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் வேண்டும்.

மேற்பார்வையாளர் வாசலிலேயே நின்றிருந்தார். அவர் காதில் முதல் பொருள்தான் விழுந்தது. “தூங்கிட்டேன்னு அவங்களே ஒத்துக்கிட்டாங்க. எழுதுங்க,” என்றார். நான் எழுதினேன். ‘பணி நேரத்தில் தூங்கியதால்.’ என் கையெழுத்து அன்றைக்கு என்னவோ முத்து முத்தாக வந்து தொலைத்தது.

6

அந்த வரிக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் எச்சரிக்கைக் கடிதத்தோடு போகும், சிகிச்சைச் செலவு அவருடையது. போடாவிட்டால் விசாரணை, வேலையும் போகலாம். ஓய்வுக்கு இன்னும் மூன்று வருடம் இருந்தது. பள்ளி வண்டி ஓட்டும் அவர் வீட்டுக்காரர்தான் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். கட்டுப்போட்ட கை மேசைமேல் கிடந்தது.

“போட்டுட்டு வா. நமக்கு எதுக்கு வம்பு?” என்றார் வீட்டுக்காரர், மெதுவாக.

“வம்பை நானா கூப்பிட்டேன்? அதுதான் போன் பண்ணி என்னக் கூப்பிட்டுச்சு.”

மேற்பார்வையாளர் தொண்டையைச் செருமினார். “நீங்கதானேம்மா அசந்துட்டேன்னு சொன்னீங்க?”

“சொன்னேன். மாத்திரை போட்டிருக்கேன்னும் சொன்னேன். ரெண்டையும் எழுதுங்க, போடுறேன். ஒண்ண மட்டும் எழுதுனா அது என் பேச்சு இல்ல.”

பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் இன்னும் மரியாதையாக அதைத் திருப்பி நகர்த்தினார். விசாரணை என்றார்கள், வையுங்கள் என்றார். அசந்துபோனவர் என்று நாங்கள் எழுதிவைத்த அந்த அம்மாள் கொஞ்சமும் அசரவில்லை.

எனக்குப் பெருமையாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. ஏனென்று அடுத்த பகுதியில் சொல்கிறேன். (சொல்லாமல் தப்பிக்க மூன்று வரைவுகள் எழுதிப் பார்த்தேன்.)

7

விபத்துக்கு ஒரு மாதம் முன்பு மடிப்பக்கா என் மேசைக்கு ஒரு கடிதம் கொண்டுவந்தார். மருத்துவர் எழுதியது. “பத்திரமா வச்சுக்கங்க தம்பி,” என்றார். பத்திரமாகத்தான் வைத்தேன். பெற்றுக்கொண்ட தேதி போட்டு, சுருக்கொப்பம் இட்டு, கோப்பில் சொருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. கடிதம் இது:

‘இவருக்குத் தூக்க மாத்திரை கொடுக்கப்பட்டுள்ளது. மாத்திரை போட்டதிலிருந்து எட்டு மணி நேரத்துக்கு இவரை இயந்திரத்தில் நிறுத்தக்கூடாது. விழித்திருப்பது போலத் தெரிந்தாலும் கையும் கவனமும் தாமதமாகவே வேலை செய்யும். காயம் ஏற்படலாம்.’

ஒன்பதரைக்கும் மூன்று இருபதுக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று விரல்விட்டு எண்ணிக்கொள்ளுங்கள். எனக்குப் பத்து விரலும் நன்றாக இருக்கிறது. போன் பேச்சு நடந்தபோது ‘மாத்திரை’ என்ற சொல் என் காதில் விழுந்தது, கடிதம் நினைவுக்கு வந்தது. ‘சார், கூப்பிடாதீங்க’ என்று சொல்ல வாயைத் திறந்து...

திறக்கவில்லை. கதைக்காகத் திறந்ததாக எழுதப் பார்த்தேன். திறக்கவில்லை.

மேற்பார்வையாளர் நேற்று வந்து கேட்டார். “அந்தக் கடிதம் கோப்புல இருக்கா?”

“இருக்கு சார்.”

“இருக்கணுமா?”

8

முடிவு அ: அவர் கையெழுத்துப் போடுகிறார். காகிதம் கோப்புக்குள் போகிறது, எல்லோரும் டீ குடிக்கிறோம். இந்த முடிவைப் பதினோரு வருடமாக எழுதிச் சலித்துவிட்டேன்.

முடிவு ஆ: மேற்பார்வையாளர் மனம் திருந்தி, கண் கலங்கி... எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, மன்னிக்கவும்.

முடிவு இ: கடிதம் காணாமல் போகிறது. இது நடக்கக்கூடியதுதான். சாவி என்னிடம் மட்டும் இல்லை. அதனால்தான் கடிதத்தை இந்தக் கதையின் நடுவே கொண்டுவந்து வைத்தேன். கதையை எந்த அலமாரியில் பூட்டுவார்கள், பார்க்கலாம்.

பழைய படிவத்தைக் கிழித்தேன். புதியதில் ஒன்றரை வரிக்குள் இப்படி எழுதியிருக்கிறேன்: ‘மாத்திரை போட்டிருப்பதாகச் சொன்னவரை வேலைக்கு அழைத்தார்கள். கடிதம் வைத்திருந்த எழுத்தர் அசந்துவிட்டார்.’ சரியாகப் பொருந்தியது. காலையில் மடிப்பக்காவிடம் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். வலது கையால் கையெழுத்துப் போட்டுவிட்டு, “இப்பதான் தம்பி நேரா மடிச்சிருக்கீங்க,” என்றார்.

பத்து மணிக்கு விசாரணை. அங்கே என்ன ஆகும் என்று நான் எழுதப் போவதில்லை. அவர் கையெழுத்து இருக்கிறது, என்னுடையதும் இருக்கிறது. கீழே ‘சாட்சி’ என்று ஓர் இடம் இன்னும் காலியாக இருக்கிறது.

கடிதத்தை நீங்களும் படித்துவிட்டீர்கள். பேனாவை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்திருக்கிறேன்.